எப்படிப்பட்ட பதினைந்து

மிசுனோசே நகரத்துக் கிழக்குத் தொடக்கப்பள்ளியில் இரண்டாம் வகுப்புக்குப் பாடம் எடுத்துவந்த கிரியா மினோரி, அந்த இலையுதிர்காலத்தில் ஒரு குற்றம் செய்தாள். எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி எழுதிய சரியான விடைக்குச் சரி என்று சிவப்பு வட்டம் போட்டுவிட்டாள்.

கேள்வி எளிமையானது. ஐந்து தட்டுகள் இருக்கின்றன, ஒவ்வொரு தட்டிலும் மூன்று ஆரஞ்சுப் பழங்கள், மொத்தம் எத்தனை பழங்கள், எண்கோவையும் விடையும் எழுதுக. ஓரிதோ சுசுனா என்ற அந்தச் சிறுமி 5 × 3 = 15 என்று எழுதி, கீழே ‘15 பழங்கள்’ என்று அழகாக முடித்திருந்தாள். கிரியா வட்டம் போட்டாள். சுசுனாவின் எழுத்து மணிமணியாக இருந்ததால் வட்டத்தைச் சுற்றி இரண்டு பூவிதழ்களையும் வரைந்து வைத்தாள். பின்னால் நடந்த விசாரணையில் இந்த இதழ்கள் தனிக்குற்றமாக எடுத்துக்கொள்ளப்பட்டன.

கிரியாவைச் சொல்லியும் பயனில்லை. அவள் ஓராண்டு ஒப்பந்தத்தில் வந்தவள். அதற்கு முன்னால் ரயில் நிலையத்துக்கு எதிரே ஒரு டியூஷன் சென்டரில் கணக்குச் சொல்லிக்கொடுத்தாள். அங்கே விடை சரியாக இருந்தால் சரி என்பார்கள், தப்பாக இருந்தால் தப்பு என்பார்கள். அப்படிப்பட்ட கட்டுப்பாடற்ற இடத்திலிருந்து வந்தவளிடம் வேறு எதை எதிர்பார்ப்பது?

நகரத்துக் கல்வி வாரியத்தின் கீழ் எண்கோவை ஒழுங்குக் குழு என்று ஒன்று உண்டு. வாழ்க்கைக் கணக்குக்கும் எண்கோவைக்கும் உள்ள பொருத்தத்தைக் காப்பது அதன் வேலை. பருவந்தோறும் அது பள்ளிகளிலிருந்து விடைத்தாள் நகல்களை வரவழைத்துப் பார்க்கும். சுசுனாவின் தாள் அப்படித்தான் சிக்கியது. மறுநாளே தலைமையாசிரியர் உமெஹாரா கிரியாவைக் கூப்பிட்டு உட்காரவைத்து, பச்சைத் தேநீரும் கொடுத்தார். அவர் யாரையும் கடிந்து பேசியதில்லை. பேசவேண்டி வந்தால் தேநீர் கொடுப்பார். அதனால் அந்தப் பள்ளியில் அவர் அறையிலிருந்து தேநீர் என்று சொல்லியனுப்பினாலே ஆசிரியர்கள் தாங்கள் என்ன தப்புச் செய்தோம் என்று யோசிக்கத் தொடங்கிவிடுவார்கள்.

“பதினஞ்சு சரிதான். யாரும் இல்லேன்னு சொல்லல,” என்றார் உமெஹாரா. “ஆனா அது எப்படிப்பட்ட பதினஞ்சுன்னு ஒண்ணு இருக்கு இல்லையா, கிரியா டீச்சர்?”

கிரியாவுக்குப் புரியவில்லை. பதினைந்தில் வகை உண்டு என்று அவளுக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. உமெஹாரா பொறுமையாக விளக்கினார். ஒரு தட்டில் எவ்வளவு என்பது முன்னால் வரவேண்டும், எத்தனை தட்டு என்பது பின்னால் வரவேண்டும். மூன்று பழம், ஐந்து தடவை. ஆகவே 3 × 5. இந்தப் பெண் எழுதியிருப்பதோ 5 × 3. அதாவது ஐந்து தட்டு, மூன்று தடவை. ஆக மொத்தம் பதினைந்து தட்டு.

“பதினஞ்சு தட்டை வச்சுக்கிட்டு அந்தப் பொண்ணு என்ன பண்ணுவா சொல்லுங்க,” என்றார், உண்மையான கவலையோடு.

பழங்கள் என்றுதானே சார் எழுதியிருக்கிறாள் என்று கிரியா கேட்டாள்.

உமெஹாரா தாளை மறுபடி பார்த்தார். முகம் வாடிவிட்டது. “அதத்தான் நானும் பார்த்தேன். தட்டை எண்ணிட்டுப் பழம்னு எழுதியிருக்கா. இந்த வயசுலேயே பொய் சொல்லக் கத்துக்கிட்டா பாருங்க.”

கிரியா ஒரு வருத்தக் கடிதம் எழுதித் தரவேண்டும் என்று முடிவாயிற்று. எழுதினாள். எந்த எண்ணை முன்னால் போட்டாலும் பெருக்கல் மாறாது என்பதால் தான் வட்டம் போட்டதாகவும், அதனால் சிரமம் ஏற்பட்டிருந்தால் வருந்துவதாகவும் அதில் இருந்தது. உமெஹாரா அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். காரணம் அதிகமாகவும் வருத்தம் குறைவாகவும் இருக்கிறதாம். அவள் காரணத்தைக் குறைத்து எழுதினாள், அதுவும் திரும்பி வந்தது. கடைசியில் காரணமே இல்லாமல் வெறும் வருத்தமாக எழுதிக்கொடுத்தபோது அவர் முகம் மலர்ந்து, இப்போதுதான் உங்கள் மனம் தெரிகிறது என்றார்.

அதைவிடக் கஷ்டமான வேலை பின்னால் இருந்தது. விடைத்தாளை வீட்டிலிருந்து திரும்ப வரவழைத்து வட்டத்தை அழிக்கவேண்டும். சுசுனா அதைப் பையிலிருந்து பத்திரமாக எடுத்து நீட்டினாள். குளிர்பதனப் பெட்டியின் கதவில் காந்தத்தால் ஒட்டிவைத்திருந்த இடம் வட்டமாக அழுந்தியிருந்தது. கிரியா வட்டத்தின் மேல் வெள்ளை மை தடவி, தவறுக்கான சாய்கோட்டைப் போட்டாள். சிறுமி எட்டிப் பார்த்தாள்.

“யாராவது பழத்தை எடுத்துட்டாங்களா டீச்சர்?”

“இல்லம்மா. பதினஞ்சு அப்படியேதான் இருக்கு.”

“அப்புறம் எதுக்குத் தப்பு?”

ஒரு தட்டில் எவ்வளவு என்பதை முதலில் எழுதவேண்டும் என்று கிரியா தனக்குச் சொல்லப்பட்டதை அப்படியே ஒப்பித்தாள். சுசுனா யோசித்தாள்.

“ஆனா நான் முதல்ல தட்டைத்தானே எடுத்து வச்சேன்? தட்டு இல்லாம பழத்தை எங்க வைக்கிறது?”

கிரியாவிடம் இதற்குப் பதில் இல்லை. கிழக்குத் தொடக்கப்பள்ளியில் யாரிடமும் இல்லை. ஆனால் மற்றவர்களை அந்தச் சிறுமி கேட்கவில்லை என்பதால் அவர்களுடைய மதிப்பு அப்படியே இருந்தது.

இரண்டொரு நாளில் சுசுனாவின் அப்பா ஓரிதோ வந்தார். ஊருக்கு வெளியே கண்ணாடிக் கூடாரங்களில் ஸ்ட்ராபெரி போடுகிறவர். வேலை உடுப்போடு தலைமையாசிரியர் அறையில் உட்கார்ந்து தேநீரைக் குடித்து முடித்து, இன்னொன்று கிடைக்குமா என்று கேட்டார். அந்த அறையில் இப்படி நடந்ததில்லை. உமெஹாரா கொஞ்சம் தடுமாறிவிட்டு, பெற்றோருக்கென்று குழு அச்சிட்ட ‘வீட்டில் பேசும் முறை’ என்ற சிறு கையேட்டைக் கொடுத்தார். சாப்பாட்டு மேசையிலும் ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு என்பதை முன்னால் சொல்லிப் பழகினால் பிள்ளைகளுக்குப் பள்ளியில் குழப்பம் வராது என்று அதில் இருந்தது.

“எங்க வீட்டுல மூணு பேரு, ஆளுக்கு ரெண்டு முட்டைன்னு சொல்லுவேன்,” என்றார் ஓரிதோ. “தலைகீழாத்தான் சொல்றேன் போலிருக்கு. ஆனா எம் பொண்டாட்டி இதுவரைக்கும் ரெண்டு பேருக்கு மும்மூணு முட்டை வச்சுட்டு ஒருத்தரைப் பட்டினி போட்டதில்லையே.”

“அது உங்க அதிர்ஷ்டம்,” என்றார் உமெஹாரா. “கல்வி அதிர்ஷ்டத்தை நம்பி நடக்க முடியாது பாருங்க.”

குளிர் தொடங்கியதும் கிரியாவைப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். வாரியக் கட்டடத்தின் மேல்மாடியில், தன்னைப்போல் வழிதவறிய ஆசிரியர்கள் பலர் உட்கார்ந்திருப்பதை அவள் கண்டாள். இடைநிலைப் பள்ளியிலிருந்து வந்த ஒருவர் செவ்வகத்தின் பரப்பளவுக்கு அகலத்தை முன்னால் எழுதவிட்டிருந்தார். அவர் யாரோடும் பேசவில்லை. பிறரும் அவரோடு பேசவில்லை.

குழுத் தலைவர் ஷிமொசாகா உள்ளே வந்தபோது எல்லாரும் எழுந்து வணங்கினார்கள். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டுதான் சாக்கட்டியைத் தொடுவார். பலகையில் பத்து நண்டுகளை வரைந்தார். நன்றாக வரைந்தார். ஒவ்வொன்றுக்கும் ஆறு கால் மட்டும் போட்டார். பிறகு விலகி நின்று கொஞ்ச நேரம் அவற்றையே பார்த்தார்.

“ஆறு நண்டு, ஒவ்வொண்ணுக்கும் பத்துக் கால்,” என்றார். “இதுதான் கேள்வி. ஒரு பையன் ஆறு பெருக்கல் பத்துன்னு எழுதினான். ஆறு ஆறாப் பத்து தடவை. இந்தா, அவன் எழுதினது இதுதான். இந்த நண்டுகளைப் பாருங்க. இதுங்க என்ன பாவம் பண்ணிச்சு?”

முன்வரிசையில் ஒரு ஆசிரியை கைக்குட்டையை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கிரியா கை தூக்கி, அந்தப் பையன் எழுதிய விடை அறுபதுதானே என்று கேட்டாள். ஷிமொசாகா கோபப்படவில்லை. இந்தக் கேள்விக்காகவே பல ஆண்டுகளாகக் காத்திருந்தவர்போல் புன்னகைத்தார்.

“அறுபதுதான். அதுலதான் ஆபத்தே இருக்கு. தப்பான விடை தன்னைத்தானே காட்டிக் கொடுத்துடும். அதால நமக்கு ஒரு தொந்தரவும் இல்ல. சரியான விடைக்குப் பின்னால தப்பான மனசு ஒளிஞ்சிருந்தா அதை யாரு கண்டுபிடிப்பா? நாமதான் கண்டுபிடிக்கணும். பிள்ளைங்க எல்லாரும் சரியா விடை எழுத ஆரம்பிச்சுட்டா, அப்புறம் நாம எதுக்கு இருக்கோம்?”

இதற்குப் பலத்த கைதட்டல் கிடைத்தது. பயிற்சியின் முடிவில் எல்லாரும் ஆறுகால் நண்டுகளிடம் மன்னிப்புக் கேட்கும் பாவனையில் பலகையை நோக்கி வணங்கினார்கள்.

அந்தக் குளிர்காலத்தில் குழுவுக்கு உற்சாகம் கூடிவிட்டது. பெருக்கலோடு நிற்காமல் கூட்டலுக்கும் வந்தார்கள். மைதானத்தில் நான்கு பிள்ளைகள் விளையாடினார்கள், மூன்று பேர் வந்து சேர்ந்தார்கள் என்றால் 4 + 3 தான். 3 + 4 என்று எழுதினால் வந்து சேர்ந்தவர்கள் முன்னமே இருந்துவிட்டார்கள், இருந்தவர்கள் பிறகு வந்துவிட்டார்கள் என்றாகும். இது காலத்தையே புரட்டும் செயல் என்று சுற்றறிக்கை சொன்னது. பிறகு மதிய உணவைப் பார்வையிட ஒருவர் வந்தார். கிண்ணத்தை எடுத்துக்கொண்டு வந்து சூப்பு வாங்குவது ஐந்து பெருக்கல் மூன்றின் மனநிலையை வளர்க்கிறது என்று குறித்துக்கொண்டு போனார்.

இதெல்லாம் கிரியாவுக்குச் சிரிப்பாகத்தான் இருந்தது, பிள்ளைகளே மாறிமாறிப் பரிமாறும் மதிய உணவில் சுசுனாவின் முறை வரும்வரை. சுசுனா வெள்ளைத் தொப்பியும் முகக்கவசமும் போட்டு, கரண்டியோடு சூப்புப் பாத்திரத்தின் பின்னால் நின்றாள். முதல் பையன் கிண்ணத்தை நீட்டினான். அவள் ஊற்றவில்லை. கரண்டியைப் பார்த்தாள், கிண்ணத்தைப் பார்த்தாள், திரும்பி டீச்சரைப் பார்த்தாள். வரிசை நீண்டது. பின்னாலிருந்தவர்கள் பசியில் முனக ஆரம்பித்தார்கள்.

“எது முதல்ல டீச்சர்?” என்று கேட்டாள் சுசுனா. “நான் தப்பா ஊத்திட்டா எல்லாருக்கும் தப்பாயிடுமா?”

முன்பு கண்ணில் பட்டதையெல்லாம் எண்ணிக்கொண்டு திரிந்த பெண். படியேறும்போதும் எண்ணுவாள். காகம் உட்கார்ந்தாலும் எண்ணுவாள். இப்போது எதையும் எண்ணுவதில்லை என்று அவள் அப்பா சொல்லியிருந்தார். கிரியா கரண்டியை வாங்கித் தானே ஊற்றினாள்.

பிப்ரவரியில் திறந்த வகுப்பு நடத்தவேண்டும் என்று உத்தரவு வந்தது. திருந்திய ஆசிரியை பாடம் எடுக்க, மாகாணத்திலிருந்து வரும் பெரியவர்கள் சுற்றி உட்கார்ந்து பார்ப்பார்கள். நன்றாக நடந்தால் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படும் என்று உமெஹாரா தேநீர் கொடுத்துச் சொன்னார். கேள்வியைக் குழுவே தயாரித்தது. வாழ்க்கையோடு ஒட்டியிருக்கவேண்டும் என்பதற்காக உடற்பயிற்சிக் கூடத்தின் நடுவில் உண்மையான நாற்காலிகளையே நான்கு வரிசையாக, வரிசைக்கு ஆறு வீதம் போடச் சொன்னார்கள். மொத்தம் எத்தனை நாற்காலிகள், எண்கோவையும் விடையும் சொல்க. பிள்ளைகளுக்கு ஒத்திகை பார்க்கப்பட்டது. யார் கை தூக்குவது, யார் தயங்கி யோசிப்பது, யார் ஆச்சரியப்படுவது என்றெல்லாம் பிரித்துக் கொடுத்திருந்தார்கள். ஆச்சரியப்படும் பையன் இரண்டு நாளாக வீட்டிலும் ஆச்சரியப்பட்டுக்கொண்டிருந்தானாம்.

அன்றைக்குக் கூடத்தில் நல்ல கூட்டம். ஷிமொசாகா நாற்காலிகளுக்கு எதிரே, மேடைப் பக்கம் உட்கார்ந்தார். மாகாணத்திலிருந்து வந்த மேற்பார்வையாளர் நுமாஜிரி அம்மையாருக்கு, குளிருக்கு இதமாக வெயில் படும் என்று ஜன்னலோரம் பக்கவாட்டில் இடம் போட்டார்கள். கிரியா கேள்வியைப் படித்தாள். ஒத்திகைப்படி ஒரு பையன் எழுந்து, “ஆறு பெருக்கல் நாலு, இருபத்துநாலு” என்றான். ஷிமொசாகா கண்ணை மூடித் தலையசைத்தார்.

நுமாஜிரி அம்மையார் மெல்ல இருமினார்.

“மன்னிக்கணும். நான் இருக்கிற இடத்துலேருந்து பார்த்தா வரிசைக்கு நாலு, ஆறு வரிசை. நாலு பெருக்கல் ஆறுன்னுதானே வரணும்?”

ஷிமொசாகா எழுந்து பணிவாக வணங்கினார். வரிசை என்பது கேள்வியிலேயே குறிக்கப்பட்டிருக்கிறது, அம்மையார் வரிசையைப் பக்கவாட்டில் பார்க்கிறார் என்றார். அம்மையாரும் எழுந்து அவரைவிடத் தாழ வணங்கி, மாகாணம் எதையும் பக்கவாட்டில் பார்ப்பதில்லை என்றார். அவர் இன்னும் தாழ வணங்கினார். மேற்பார்வையாளருக்கு ஒரு வரிசைக்கு எவ்வளவு என்பதில் தெளிவு இல்லாமல் இருக்க வாய்ப்பே இல்லை என்று தான் உறுதியாக நம்புவதாகச் சொன்னார். அம்மையார் முழங்காலைத் தொடும் அளவுக்குக் குனிந்து, நகரக் குழுவின் நீண்ட சேவையை மாகாணம் எவ்வளவு மதித்தது என்று சொன்னார். மதித்தது என்று அவர் இறந்தகாலத்தில் சொன்னதைக் கவனித்த உமெஹாராவின் முகம் வெளிறிப்போயிற்று. இரண்டு பேரும் இனிமேல் குனிய இடமில்லாமல், தரையைப் பார்த்தபடியே தொடர்ந்து ஒருவரையொருவர் பாராட்டிக்கொண்டிருந்தார்கள்.

இந்த அமளியில் சுசுனா எழுந்து நின்றுவிட்டாள். அவளுக்குக் கொடுக்கப்பட்டிருந்த வேலை தயங்கி யோசிப்பது மட்டும்தான். பேசுவது ஒத்திகையில் இல்லை.

“டீச்சர், நாங்க எந்தப் பெரியவங்க பக்கத்துல உட்கார்ந்தா சரியா வரும்?”

யாரும் சிரிக்கவில்லை. அவள் வேடிக்கைக்குக் கேட்கவில்லை என்பது அந்த முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. கிரியா சாக்கட்டியை எடுத்தாள். பலகையில் 6 × 4 என்று எழுதி வட்டம் போட்டாள். பக்கத்தில் 4 × 6 என்று எழுதி அதற்கும் வட்டம் போட்டாள். பிறகு பிள்ளைகளிடம், எல்லாரும் போய் அவரவருக்குப் பிடித்த நாற்காலியில் உட்காருங்கள் என்றாள். பிள்ளைகள் ஓடினார்கள். ஆச்சரியப்பட வேண்டிய பையன் இப்போதுதான் நிஜமாகவே ஆச்சரியப்பட்டு, கடைசியாக ஓடினான். எல்லாரும் உட்கார்ந்தபிறகும் நாற்காலி மிச்சம் இருந்தது. எத்தனை மிச்சம் என்று ஒருவரும் கேட்காமலே சுசுனா எண்ணத் தொடங்கினாள்.

தன் வேலை அன்றோடு போயிற்று என்று கிரியா நினைத்தாள். அப்படி நினைத்ததிலிருந்து அவள் அந்த அமைப்பை இன்னும் புரிந்துகொள்ளவில்லை என்று தெரிகிறது. நகரமும் தோற்காமல் மாகாணமும் தோற்காமல் அந்தக் கூடத்திலிருந்து வெளியேற ஒரு வழி வேண்டியிருந்தது. பலகையில் அது வட்டம் போட்டுத் தயாராக இருந்தது. நுமாஜிரி அம்மையார் நிமிர்ந்து, இது புதுமையான அணுகுமுறை என்றார். ஷிமொசாகாவும் நிமிர்ந்து, இதைத்தான் குழு நெடுங்காலமாக வலியுறுத்திவருகிறது என்றார். அந்த வாரமே அதற்குக் ‘கிரியா முறை’ என்று பெயர் சூட்டி, நகரம் முழுவதும் கட்டாயமாக்கினார்கள்.

கிரியா முறைப்படி, இனி எல்லாப் பிள்ளைகளும் இரண்டு எண்கோவைகளையும் எழுதவேண்டும். ஒன்றை மட்டும் எழுதினால் தவறு. எந்த எண்கோவையை முதலில் எழுதவேண்டும் என்பதற்கும் வரிசை உண்டு. மாற்றி எழுதினாலும் தவறு. அதைக் கண்காணிக்கத் துணைக்குழு ஒன்று அமைந்தது. துணைச் செயலாளராகக் கிரியாவை நியமித்து, ஒப்பந்தத்தையும் புதுப்பிக்கலாம் என்று உமெஹாரா சொன்னார். தேநீரோடு இந்த முறை பீன்ஸ் இனிப்பும் இருந்தது.

ஆண்டிறுதித் தேர்வு வந்தது. சுசுனா இரண்டையும்தான் எழுதியிருந்தாள். ஆனால் இரண்டாவதை முதலில் எழுதிவிட்டாள். விடை சரி. கிரியா முறைப்படி இது தெளிவான தவறு. கிரியா சிவப்புப் பேனாவை எடுத்து, தாளின் கால்வாசியை அடைக்கிற மாதிரி ஒரு வட்டம் போட்டாள். உமெஹாரா அதைப் பார்த்துவிட்டு, கிரியா முறையைக் கிரியா டீச்சரே மீறினால் மற்றவர்களுக்கு எப்படிச் சொல்வது என்று வருத்தப்பட்டார். மீறித்தான் விட்டேன் சார், வருத்தமில்லை என்று அவள் சொன்னாள். ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. முறைக்கு மட்டும் அவள் பெயர் அப்படியே இருக்கும் என்று பெருந்தன்மையோடு தெரிவித்தார்கள்.

கடைசி நாளில் காலணி அலமாரியருகே சுசுனா அவளைப் பிடித்துக்கொண்டாள்.

“அந்தத் தாளையும் திரும்ப வாங்கிடுவீங்களா டீச்சர்?”

“இல்லம்மா. அது உன்னோடதுதான்.”

“கேட்டாலும் குடுக்க முடியாது,” என்றாள் சுசுனா. “அப்பா கடைக்குக் கொண்டுபோய் பிளாஸ்டிக் உறை போட்டு ஒட்டிட்டாரு. இனிமே மேல எதுவும் எழுத முடியாதாம்.” சொல்லிவிட்டு, வாசலில் காத்திருந்த அப்பாவின் சிறிய சரக்கு வண்டியை நோக்கிப் படியிறங்கி ஓடினாள். இறங்கும்போது உதடுகள் அசைந்தன. கிரியா காதைத் தீட்டிக்கொண்டு கேட்டாள். எண்ணிக்கொண்டுதான் போனாள்.

ஏப்ரலில் புதிய பள்ளி ஆண்டு தொடங்கிவிடும், அதற்குள் வேறு வேலை வேண்டும். மலைக்கு அப்பால் உள்ள பக்கத்து நகரத்தில் ஓர் இடம் காலியாக இருப்பதாகக் கேள்விப்பட்டு கிரியா விண்ணப்பித்தாள். நேர்காணலில் உட்கார்ந்திருந்த மூவரில் மூத்தவர் அவள் பெயரைப் பார்த்துவிட்டு, அந்த முறைக்கும் உங்களுக்கும் ஏதாவது சம்பந்தம் உண்டா என்று கேட்டார். ஒரே பெயர், அவ்வளவுதான் என்று சொல்லிவைத்தாள். பரவாயில்லை, எங்கள் ஊரிலும் இப்போது அதைத்தான் கொண்டுவந்திருக்கிறோம், கொஞ்சம் விளக்குங்கள் பார்ப்போம் என்றார்கள். பிள்ளை எந்த வரிசையில் எழுதினாலும், விடை சரியாக இருந்தால் வட்டம் போடவேண்டும், அவ்வளவுதான் கிரியா முறை என்றாள் அவள்.

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மூத்தவர் கனிவோடு முன்னால் சாய்ந்தார்.

“பரவாயில்லம்மா, பதட்டத்துல நிறைய பேரு இப்படித்தான் மாத்திச் சொல்லிடறாங்க,” என்றார். “அடுத்த வாரம் இதுக்குப் பயிற்சி இருக்கு. வந்து முதல்லேருந்து கத்துக்கோங்க.”